வாடிக்குப் போன பிரஷர் மிசின்

அவருடைய கை ஈரமாக இருந்தது. கரைவலை இழுத்துவிட்டு நேராக வந்திருந்தார். முழங்கைக்கு மேலே உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. சாரத்தின் நுனியால் அதைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். பட்டியைச் சுற்றினேன். கொஞ்ச நேரம் சும்மா இருக்கவேண்டும், கதைக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்று சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மிசின் 178க்கு 104 என்று காட்டியது. மறுபடி எடுத்தேன். 174க்கு 102.

"மிசின் பிழை மகள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்பதானே வலை இழுத்திட்டு வாறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உடம்பை முறித்து வேலை செய்த கையோடு அளந்தால் கூடத்தான் காட்டும். சரி, அரை மணித்தியாலம் கழித்துப் பார்ப்போம், அதுவரை பிளேன்டீ, சுருட்டு ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டார். அப்புறமும் 166க்கு 98. பிரஷர் கூட என்று சொல்கிற 140க்கு 90 என்ற கோட்டுக்கு நன்றாக மேலேதான். அவருக்கு 52 வயது. அன்றுவரை ஒருமுறைகூடப் பிரஷர் பார்த்ததில்லை. அவருடைய வீட்டிலிருந்து அரச கிளினிக் நடக்கிற தூரம். காசு கிடையாது. அதே கிளினிக்குக்கு அவருடைய மனைவி மூன்று வருடமாக மாதாமாதம் போய் மருந்து எடுத்து வருகிறார்.

ஒரே வீடு, ஒரே கிளினிக். மனைவி போகிறார், கணவர் போகவில்லை. ஏன்? இந்த ஒரு கேள்விதான் என் முதுமாணிப் படிப்பு. சமூக சுகாதாரமும் சுகாதார நடத்தை மாற்றமும் என்று பாடத்துக்குப் பெயர். நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தில் என் ஆய்வைச் செய்தேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன் என்று அந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க யோசிக்கிற திருகோணமலைப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. முதல் பட்டம் சமூகவியல். அதன்பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதார விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தும் வேலை. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது நாங்கள் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிண்ணியா அதன் தொடக்கத்திலேயே அடி வாங்கிய ஊர். ஒரு வீட்டில் தண்ணீர்ப் பரல் திறந்து கிடந்தது. நுளம்பு எங்கே முட்டையிடும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அது என்ட மகனுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்தப் பரலுக்கு மூடி இல்ல. மூடி யார் தருவா?"

என் பையில் துண்டுப்பிரசுரம் மட்டும்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மக்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் அத்தனை கூட்டங்களையும் நடத்தியிருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். படிக்கவேண்டும் என்று முடிவெடுத்தது அந்த வாரம்தான். விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வருடம் போனது.

வகுப்புகள் கொழும்பில், சனி ஞாயிறு. வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவு ரயில். கல்ஓயாச் சந்தியில் வண்டி நிற்கும்போது தேத்தண்ணி குடித்து, அடுத்த நாள் பாடத்துக்கான கட்டுரையைத் திறந்து வாசிப்பேன். விடியுமுன் கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, நேராக வகுப்பு. ஞாயிறு இரவு திரும்பவும் ரயில். திங்கள் காலையில் வேலை. செய்யலாம், ஆனால் வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்து தூக்கினால்தான் முடியும். என் அம்மா என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் என்னால் முடிந்தது. படிப்புக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் ரயில், தங்குமிடம், சாப்பாடு, சம்பளமில்லாத லீவு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

விண்ணப்பிக்கும்போதே பார்க்கவேண்டிய ஒன்று, அந்தப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த நிலை என்பது. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் நிலை, 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் நிலை, 60 கிரெடிட். பின்னால் கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கும், பதவி உயர்வுக்குக் காட்ட நினைப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரியது. சமுதாய மருத்துவம் என்ற பெயரில் வைத்தியர்களுக்கு மட்டுமான படிப்பு வேறு இருக்கிறது. என்னைப் போல வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் தகுதி விபரத்தை நன்றாக வாசித்துவிட்டுத்தான் காசு கட்டவேண்டும்.

முதல் பருவம் முழுக்கக் கோட்பாடுகள். எனக்கு அலுப்பாக இருக்கும் என்று பயந்தேன். மூன்றாவது வகுப்பில் ஒரு கதை கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை, காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வசிக்கும் இடங்களுக்கே அனுப்பியது. இலவசம், வீட்டு வாசலுக்குப் பக்கம். அப்படியும் எதிர்பார்த்த அளவு ஆட்கள் வரவில்லை. கொட்ஃப்ரி ஹொக்பாம் என்ற சமூக உளவியலாளர், வந்தவர்களையும் வராதவர்களையும் தேடிப்போய் விசாரித்தார். தனக்கும் காசநோய் வரலாம், முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லது என்ற இரண்டு நம்பிக்கையும் உள்ளவர்களில் 82 வீதமானோர் ஒருமுறையாவது தாங்களாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 வீதம்தான். சுகாதார நம்பிக்கை மாதிரி என்று இன்று உலகம் முழுக்கப் படிப்பிக்கிற கோட்பாடு அந்த வண்டிகளைச் சுற்றி நடந்த விசாரணையில் வளர்ந்தது.

என் கிராமத்து கிளினிக் கண்ணுக்கு முன் வந்து நின்றது. இலவசம், பக்கம், ஆட்கள் வரவில்லை. ஆனால் அங்கே பெண்கள் வருகிறார்களே? கணவனுக்கும் மனைவிக்கும் நம்பிக்கையில் அவ்வளவு வித்தியாசமா? இதற்கு அந்த மாதிரியில் மட்டும் விடை கிடைக்கவில்லை. விடையின் ஒரு பகுதி நம் நாட்டுச் சுகாதாரச் சேவையின் வரலாற்றில் இருந்தது. இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அந்த அமைப்பின் இதயம் தாயும் பிள்ளையும். ஒரு பெண் கர்ப்பமான நாளிலிருந்து மிட்வைஃப் மிஸ்ஸி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், வீட்டுக்கு வருவார், கிளினிக் அட்டை கொடுப்பார், பிள்ளையின் நிறை பார்ப்பார். அவளுக்குக் கிளினிக் என்றால் தெரிந்த வாங்கு, தெரிந்த முகம். அவளுடைய கணவனுக்கு அந்தக் கட்டடம் மனைவியை இறக்கிவிடுகிற இடம். 2011இலிருந்து தொற்றா நோய்களுக்காகச் சுகவாழ்வு நிலையங்கள் வந்தபோது அதே கட்டடம், அதே வாங்கு, அதே காலை நேரம். அதில் ஆண்கள் குறைவாக வருவதை நாட்டின் பல இடங்களில் கவனித்திருக்கிறார்கள். உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கடற்கரையில் அந்தப் பாதி பெரும்பாலும் ஆண்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது கேள்விக்கொத்து. முதலில் 384 பேரிடம் எடுப்பதாக எழுதியிருந்தேன். இந்தத் துறையில் படிக்கிற எல்லோருக்கும் இந்த எண் தெரியும். ஒரு விசயம் எத்தனை வீதமானோரிடம் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாதபோது, 95 வீத நம்பகத்தோடும் 5 வீதப் பிழையோடும் கணக்குப் போட்டால் வருவது. மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் கிராமத்தில் மொத்தம் எத்தனை ஆம்பிளைகள்?" அத்தனை பேர் இல்லை. சூத்திரத்தைப் பார்த்து எழுதினேனே தவிர ஊரைப் பார்த்து எழுதவில்லை. அங்கேதான் ஆய்வு திரும்பியது. குறைந்த ஆட்களோடு ஆழமாகக் கதைப்பது, கூடவே ஒரு சிறிய அளவீடு என்று மாற்றினோம். மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் களத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஆளைத் தேடுங்கள்.

கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஒருவர் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். அதெல்லாம் முறையாகச் செய்தோம். தாளில் ஒத்துப்போனது. கரையில், மீனவர்களின் குடிலான வாடியில், ஒத்துப்போகவில்லை. 'உயர் குருதி அமுக்கம்' என்று வாசித்தால் முகத்தைப் பார்க்கிறார்கள். பிரஷர் என்றால் உடனே விளங்குகிறது. 'மன அழுத்தம் உண்டா' என்றால் இல்லை என்கிறார்கள். 'யோசினை இருக்கா' என்றால் ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்கள். 'வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்' என்ற கேள்விக்கு, தினமும் வலை இழுக்கிற மனிதர்கள் ஏறக்குறைய எல்லோரும் 'ஒரு நாளும் இல்லை' என்றார்கள். அதை அப்படியே கணினியில் போட்டிருந்தால் உலகத்திலேயே அசையாத மனிதர்கள் கரைவலைக்காரர்கள்தான் என்று என் ஆய்வு சொல்லியிருக்கும்.

'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றாக உடன்படவில்லை' வரையான ஐந்து படிகள் இன்னும் கஷ்டம். ஒரு முதியவர் எல்லாவற்றுக்கும் "நீங்க சொன்னாச் சரிதானே மகள்" என்றார். அது மரியாதை. விடை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கையிலிருந்து ஐந்து சிப்பி வாங்கினேன். 'உங்களால் எவ்வளவு ஏலுமோ அத்தனை சிப்பியை இந்தப் பக்கம் வையுங்கோ' என்றேன். வேலை செய்தது. 'கடலுக்குப் போகும் நாளிலும் குளிசையைத் தவறாமல் எடுக்க உங்களால் ஏலுமா' என்ற கேள்விக்கு ஒருவர் நாலு சிப்பியை நகர்த்தி வைத்தார். கையை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்து இரண்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "வாடைக் காலத்தில ஏலும். கடல் சரியா இருக்கிற காலத்தில ஏலாது."

அந்த இரண்டு சிப்பியும் எந்தக் கட்டத்திலும் அடங்காது. களக் குறிப்புப் புத்தகத்தில்தான் எழுதினேன். தன்னால் முடியும் என்று ஒருவர் தன்மேல் வைக்கும் நம்பிக்கைதான் நடத்தையை நகர்த்துகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். நான் அதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அந்த நம்பிக்கை ஒரே மனிதனுக்குள் காற்றின் திசையோடு மாறும் என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

ஒப்பம் வாங்குவதும் ஒரு பெரிய விசயம். ஆய்வில் சேர்கிறவர் சம்மதப் படிவத்தில் ஒப்பம் வைக்கவேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் விதி. சரியான விதிதான். ஆனால் இந்தக் கரை யுத்தத்தைப் பார்த்த கரை, 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரை. ஒரு அம்மா சொன்னார்: "சுனாமிக்குப் பிறகு எத்தனை பேருக்கு ஒப்பம் வச்சனான் தெரியுமா? எழுதிக்கொண்டு போனவையள் ஒருத்தரும் திரும்ப வரேல்லை." நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். வாய்மொழியாகச் சம்மதம் கேட்டு, ஒரு சாட்சியை வைத்துப் பதிவு செய்ய அனுமதி தாருங்கள் என்று குழுவுக்குத் திருத்தம் எழுதினேன். அனுமதி வர இரண்டு மாதம் ஆனது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் அந்த இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். நெறிமுறை விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பே நாலு தடவை களத்துக்குப் போய் வாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

இன்னொன்று காலம். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிப்படி களவேலை ஜூன், ஜூலை. கிழக்குக் கரையில் அதுதான் கடல் நல்ல காலம், மீன் படும் காலம். ஆம்பிளைகள் கரையில் நிற்பதே அரிது. நின்றாலும் நித்திரை. எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கும் நேரம் சிலர் இன்னும் கடலில், சிலர் ஏலத்தில், சிலர் வலை சிக்கெடுத்துக்கொண்டு. கிளினிக் முடியும் நேரம் அவர்கள் படுத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. தேத்தண்ணிக் கடை அக்காவிடம் முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கடைசியில் அவர்தான் வழி சொன்னார். ஏலம் முடிந்து காசு பிரித்தபிறகு, ஒன்பதரை அளவில் எல்லோரும் வாடிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கு வருவார்கள், அங்கே வா என்றார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அனுமதி வாங்கி, ஒரு தாதியையும் கூட்டிக்கொண்டு மிசினோடு அங்கே போனேன். அளப்பது, கூடுதலாக இருந்தால் கடிதம் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்புவது. அவ்வளவுதான் எங்கள் வேலை.

இங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

தொடக்கத்தில் சொன்னேனே, 52 வயதுக்காரர், அவருடைய அளவை நான் வாய்விட்டு வாசித்தேன். சுற்றிவர ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பின்னேரத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவரிடம், "நீ வீட்டில ஓய்வெடு, உடம்பைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வலை இழுக்காதவனுக்கு அன்றைய பங்கு கிடையாது. நாலு நாள் அவருக்குப் பங்கு இல்லை. அவருடைய மனைவி என்னைத் தேடி வந்து சண்டை பிடிக்கவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. இரகசியம் காப்பது என்று விண்ணப்பத்தில் ஒரு பந்தி எழுதியிருந்தேன். கடற்கரையில் அது என்ன என்று யோசித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அளவைச் சின்னத் துண்டில் எழுதி, மடித்துக் கையில் கொடுப்போம். மிசினின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைப்போம். ஆனால் அந்தப் பிழைதான் எனக்கு ஆய்வின் நடு விடயத்தைக் காட்டியது என்பதையும் மறைக்க முடியாது. நேர்காணல்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது: 'கடலுக்கு ஏலாதவன்'. அதுவரை அது ஏதோ வீறாப்புப் பேச்சு, ஆம்பிளைத்தனம் என்று குறித்து வைத்திருந்தேன். பிரஷர் இருப்பது தெரிந்தால் கடலுக்கு ஏலாதவன் என்று பேர் விழும், பேர் விழுந்தால் பங்கு போகும். அவர்கள் கிளினிக்குக்குப் போகாமல் இருந்தது அறியாமையால் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் இருந்தார்கள், அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அதை நிரூபித்துக் காட்டினேன்.

சம்மாட்டியிடம் போனேன், தாதியையும் கூட்டிக்கொண்டு. அவரைக் குற்றம் சொல்லப் போகவில்லை, கேட்கப் போனேன். பல வருடத்துக்கு முன் அவருடைய தோணியில் ஒருவருக்குக் கடலில் வைத்தே பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருக்கிறது. "கரைக்குக் கொண்டு வர மூன்று மணித்தியாலம். அவன்ட முகம் இன்னும் எனக்கு முன்னால நிக்குது," என்றார். கூடின பிரஷரை மருந்தால் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் பெரும்பாலும் வழமைபோல் வேலை செய்யலாம், பயப்படவேண்டியது அளக்காமலும் மருந்தில்லாமலும் திரிகிறவருக்குத்தான் என்று தாதி விளக்கினார். நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் இரண்டு விசயத்துக்கு ஒத்துக்கொண்டார். கிளினிக்குக்குப் போகிற நாளில் யாருக்கும் பங்கு குறையாது. வைத்தியர் சொன்னால் தவிர யாரையும் வீட்டில் நிறுத்துவதில்லை. அடுத்த வாரம் வாடியில் முதலாவதாகக் கை நீட்டியவர் அவர்தான். அவருடைய துண்டில் என்ன எழுதினோம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

சூசன் மிச்சியும் கூட இருவரும் 2011இல் எழுதிய ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு நடத்தை நடக்கவேண்டுமானால் ஆற்றல், வாய்ப்பு, உந்துதல் மூன்றும் வேண்டும் என்கிறது. கிண்ணியாவில் அந்தத் தாய் கேட்ட பரல் மூடி வாய்ப்பு. சம்மாட்டி கொடுத்த வாக்கும் வாய்ப்புத்தான். நாங்கள் கூட்டம் போட்டு உந்துதலையே தள்ளிக்கொண்டிருந்தோம். இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு கோட்பாட்டை மட்டும் கையில் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் கொடுப்பேன்.

குளிசை விசயம் இன்னும் நுணுக்கமானது. மருந்து கிடைத்தபிறகும் சிலர் ஒழுங்காக எடுக்கவில்லை. மறதி என்று எழுதி வைத்தேன். ஒரு நாள் ஒரு தம்பி கூச்சத்தோடு சொன்னார். அவருக்குக் கொடுத்ததில் ஒன்று நீர் போகும் குளிசை. காலையில் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அடிக்கடி சிறுநீர் வரும். ஆடுகிற சின்ன போட்டில், வலை கையில் இருக்கும்போது, அது பெரிய கரைச்சல். அதனால் கடல் நாட்களில் விட்டுவிடுவார். இப்படியொரு கேள்வி என் கேள்விக்கொத்தில் எங்கேயும் இல்லை. அந்த இரண்டு சிப்பி ஏன் திரும்பிப் போனது என்பது அப்போதுதான் விளங்கியது. கிளினிக் வைத்தியரிடம் சொல்லச் சொன்னோம். அவர் மருந்தை நிறுத்தாமல், கரைக்கு வந்தபிறகு எடுக்கும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். எதற்கும் வைத்தியரைக் கேளாமல் நேரம் மாற்றக்கூடாது, அதையும் சொல்லியே அனுப்பினோம்.

'மறக்காமல் எடுப்பேன்' என்ற எண்ணத்தை விட 'இது நடக்கும்போது இதைச் செய்வேன்' என்று முன்கூட்டிக் கட்டி வைப்பது பலமானது என்று பீட்டர் கொல்விட்சர் 1999இல் எழுதியிருக்கிறார். அந்தத் தம்பி தானே ஒன்று கட்டினார்: என்ஜினைக் கழற்றி வாடியில் சாத்தியதும் குளிசை. என்ஜினைக் கழற்ற யாரும் மறப்பதில்லை.

உப்பைப் பற்றி நிறைய எழுதலாம், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு காய்கிற கரையில் அதைச் சொல்வதற்கு முன் யார் சமைக்கிறார், யார் சந்தைக்குப் போகிறார், கடலுக்குக் கட்டிக் கொடுக்கிற சோற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அது ஒரு தனி ஆய்வு. யாராவது அதைச் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எழுத்து வேலையில் ஒரு விசயம் மட்டும். ஒரு மணித்தியாலப் பதிவைத் தாளில் இறக்க எனக்கு ஏழு மணித்தியாலம் எடுத்தது. முதல் மூன்றை நேராக ஆங்கிலத்தில் எழுதினேன். திரும்ப வாசித்தபோது எல்லாரும் ஒரே ஆள் மாதிரிக் கதைத்தார்கள். தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதி, தமிழிலேயே கருக்களைப் பிரித்து, கடைசியில் தேவையான வரிகளை மட்டும் ஆங்கிலமாக்கினேன். 'கடலுக்கு ஏலாதவன்' என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே ஆய்வேட்டில் வைக்க மேற்பார்வையாளர் சம்மதித்தார். பரீட்சகர் அந்தச் சொல்லைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். ஆங்கிலம் பலவீனம் என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதப் பழகலாம், ஒரு வருடத்தில் வரும். இந்தக் கரையின் தமிழ் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

சமர்ப்பிப்பதற்கு முன் முடிவுகளை வாடிக்குக் கொண்டுபோனேன். எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவில்லை என்று அந்த அம்மா சொன்னது மனதில் இருந்தது. பழைய பேனரின் பின்பக்கத்தில் பெரிதாக வரைந்து, ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டு விளக்கினேன். பரிந்துரையில் 'ஆண்களுக்குப் பரிசோதனை காலை ஒன்பதரைக்குக் கடற்கரையில்' என்று எழுதியிருந்தேன். பின்னால் இருந்து ஒருவர் எழும்பினார். "அது சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும்தான் சரி. வாடை பிறந்தா நாங்கள் விடியவே வீட்டிலதானே. அப்ப எட்டு மணிக்கே கிளினிக்குக்குப் போகலாம். நீங்கள் எங்களைக் கரையிலேயே தேடினா ஆள் இருக்காது." எல்லோரும் ஆம் என்றார்கள். நான் களவேலை செய்த மாதங்களை வைத்து முழு வருடத்துக்கும் எழுதியிருந்தேன். அந்த வாரமே பரிந்துரையை இரண்டு காலங்களாகப் பிரித்து எழுதினேன். அவர்களிடம் போகாமல் கட்டி அனுப்பியிருந்தால் அந்தப் பிழை அச்சிலேயே நின்றிருக்கும்.

கிளினிக் நேரம் இன்னும் மாறவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் மிட்வைஃப் மிஸ்ஸியும் தாதியும் மிசினோடு வாடிக்கு வருகிறார்கள். போன கார்த்திகையில் மழை கொட்டியதால் அன்று அவர்களால் வர முடியவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, குடையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் தங்கள் மனைவிமாரோடு கிளினிக்குக்கு நடந்து போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்த 52 வயதுக்காரர். அவருடைய மனைவிதான் தொலைபேசியில் எனக்குச் சொன்னார்.